சொன்னதன் எல்லை



இந்த அறக்கட்டளையை நிறுவிய பெரியவர், தம் பெயரால் மண்டபமோ சிலையோ எழுவதை விரும்பாதவர். முப்பது ஆண்டுக் காலம் எழுத்தர் உத்தியோகம் பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தின் வட்டியைக் கொண்டு, ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவும், பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்குச் சிறு உபகாரமும் நடந்துவர வேண்டும் என்று எழுதிவைத்துப் போனவர். முந்தைய ஆண்டுகளில் இம்மேடை ஏறியவர்கள் சங்க இலக்கியத்தையும் சித்தாந்தத்தையும் கல்வெட்டுகளையும் பேசி, முதல் தருமத்தை நிறைவாகவே நடத்திவிட்டார்கள். நான் இரண்டாவது தருமத்தின் பக்கம் சற்றுச் சாய்ந்து, போட்டித் தேர்வுகளில் வருகிற தருக்க வினாக்களையும் சொல்லறிவு வினாக்களையும் நம் பிள்ளைகள் எவ்வாறு அப்பியாசம் செய்ய வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டேன். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், ‘ரீசனிங்குக்கெல்லாமா ஐயா அறக்கட்டளைச் சொற்பொழிவு?’ என்று கேட்டு நகைத்தார். பேருந்து நிலையத்துக் கடைகளில், குறுக்குவழிகள் ஆயிரம் என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படுகிற சரக்கைப் பற்றிக் கலாசாலை மண்டபத்தில் பேசுவது நகைப்புக்கு இடமானதுதான். ஆயினும் அந்தச் சரக்கு தொல்காப்பியத்தின் இடையியலுக்கு வெகு தூரத்தில் இல்லை என்பதை, பேச்சு முடிவதற்குள் அவரும் ஒப்புக்கொள்ளக்கூடும்.

கல்லூரியில் தருக்கம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, சனிக்கிழமை மாலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் மாடித் தாழ்வாரத்தில், தேர்வுக்குப் படிக்கும் பத்துப் பன்னிரண்டு பேரோடு உட்கார்ந்து பேசுவதை வழக்கமாகக் கொண்டிருக்கிறேன். அவர்களுள் ஒருத்தி, பகலில் ஜவுளிக் கடையில் பில் போடுகிற பெண். ஒரு நாள் அவள் கொண்டுவந்த மாதிரித் தேர்வுத் தாளில் இப்படி ஒரு வினா இருந்தது: ஆசிரியர்கள் எல்லாரும் நேர்மையானவர்கள்; நேர்மையானவர்களுள் சிலர் ஏழைகள்; ஆகவே ஆசிரியர்களுள் சிலர் ஏழைகள். முடிவு பொருந்தும் என்று அவள் குறித்திருந்தாள். பொருந்தாது என்றது விடைக்குறிப்பு. ‘எங்க பெரியப்பா வாத்தியார்தான் ஐயா, ரிட்டையர் ஆகிறவரைக்கும் வாடகை வீட்டிலேதான் இருந்தார்’ என்று அவள் வாதாடினாள். நான் அவளிடமிருந்த பில் தாள் ஒன்றின் பின்புறத்தில், நேர்மையாளர் என்று ஒரு பெரிய வட்டமும், அதனுள் ஆசிரியர் என்று ஒரு சிறிய வட்டமும் வரைந்து, ஏழைகள் என்ற மூன்றாவது வட்டத்தைப் பெரிய வட்டத்தின் விளிம்பை மட்டும் வெட்டிச் செல்லுமாறு, சிறிய வட்டத்தைத் தீண்டாமல் போட்டுக் காட்டினேன். சொன்ன இரண்டு வாக்கியங்களும் மெய்யாக இருந்தும் முடிவு பொய்யாகிவிட இடம் இருக்கிறதல்லவா என்றேன். அவள் அந்தப் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ‘அப்போ எங்க பெரியப்பா எங்கே போனார்?’ என்று கேட்டாள்.

முப்பது ஆண்டு தருக்கம் போதித்த எனக்கு, அந்த வித்தையின் சங்கடம் முழுவதையும் ஒரே கேள்வியில் அடக்கிக் காட்டியவள் அந்தப் பெண். பெரியப்பா மெய்யானவர், அவருடைய வறுமையும் மெய், ஆனால் அந்த வினாவுக்குள் அவருக்கு நுழைவு இல்லை. உலகத்தில் நமக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு, சொன்ன இரண்டு வாக்கியங்களை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. இது மனித மனத்துக்கு இயல்பாக வருவதன்று. 1931, 1932 ஆகிய ஆண்டுகளில் அலெக்சாந்தர் லூரியா என்ற ருஷ்ய உளவியலறிஞர் உஸ்பெகிஸ்தானத்துக் கிராமங்களுக்குச் சென்று, எழுத்தறியாத உழவர்களிடம், ‘பனி மூடிய வடகோடியில் கரடிகள் எல்லாம் வெள்ளை; நோவயா செம்லியா என்னும் தீவுக்கூட்டம் அந்த வடகோடியில் இருக்கிறது; அங்கே கரடி என்ன நிறம்?’ என்று கேட்டார். தாம் கறுப்புக் கரடியையன்றி வேறு கண்டதில்லை என்றும், காணாததைப் பற்றிப் பேசுவது தம் வழக்கமன்று என்றும், அங்கே போய் வந்தவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றும் மறுமொழி சொன்னவர்கள் பலர். பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் பயின்றவர்களோ, வெள்ளை என்று உடனே சொல்லிவிட்டார்கள். அந்த உழவரைப் புத்தி குறைந்தவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏறினால் அவரைப் போலத்தான் பேச வேண்டும் என்று எந்த வக்கீலும் சொல்லுவார். அவர் செய்தது பிழை அன்று. வேறு ஒரு விளையாட்டின் விதிப்படி ஆடினார், அவ்வளவே.

நம் நாட்டுத் தருக்க நூலோர் அந்த உழவருக்குச் சற்று அணுக்கமானவர்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மலையில் தீ உண்டு; புகை உடைமையால்; எங்கெங்கே புகை உண்டோ அங்கங்கே தீ உண்டு, அடுக்களையிற் போல என்று அவர்கள் அனுமானத்தை விரிக்கும்போது, அந்த அடுக்களையை விட்டுவிட அவர்களுக்குச் சம்மதமில்லை. பொது விதியை நிறுத்துவதற்கு உலகறிந்த திட்டாந்தம் ஒன்று கண்ணெதிரே நிற்க வேண்டும். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குப் பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றையும், அவை பழுதுபடும் வகைகளையும் உபதேசிக்கிறார். பழுதுகளைப் பெயரிட்டு எண்ணி அடுக்குகிற அந்தப் பகுதியை இலக்கிய மாணவர்கள் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கித் தந்தார். இந்தப் பரம்பரையில் வந்த ஒருவரிடம், நாற்காலிகள் எல்லாம் மேசைகள், மேசைகளுள் சில கதவுகள் என்று இன்றைய வினாத்தாள் தொடங்கினால், முதல் அடியிலேயே அவர் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். வினா அமைப்போர் அத்தகைய அபத்தங்களை வேண்டுமென்றே எழுதுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பா உள்ளே வந்துவிடாதபடி அவர்கள் போட்ட தாழ்ப்பாள் அது. அபத்தத்தைக் கண்டு திகைக்கிற மாணவன், ‘ஆசிரியர்–ஏழை’ வினாவைக் காட்டிலும் ‘நாற்காலி–கதவு’ வினாவே தனக்கு அனுகூலமானது என்பதை நாளடைவில் கண்டுகொள்வான்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தருக்க வினாவில் தவறுகிறவர்களைக் கூர்ந்து கவனித்தால், அவர்கள் வழுக்குகிற இடம் பெரும்பாலும் அனுமானத்தில் அன்று, அதற்கு முந்திய வாசிப்பில் என்பது புலப்படும். ‘சில’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தேர்வின் பரிபாஷையில் அதற்கு ‘ஒன்றேனும்’ என்பதே பொருள். ஒன்றாயினும் சரி, அனைத்துமே ஆயினும் சரி, அந்தச் சொல் மெய்யாகவே நிற்கும். நம் பேச்சு வழக்கிலோ, ‘சில பேர் சாப்பிட்டார்கள்’ என்றால் சாப்பிடாதவர் வேறு சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது உடனே விளங்கிவிடும். அன்றியும் ‘பல’ என்பதற்கு மறுதலையாகச் சிறுமைப் பொருளிலும் தமிழில் அது வழங்கிவந்திருக்கிறது. ஒன்றேனும், எல்லாம் அல்ல, கொஞ்சமே என்ற மூன்றும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கையில், இங்கே முதலாவதுதான் விதி என்று மாணவனுக்கு யாரும் சொல்லாமல், நூறு வினா போடு, இருநூறு வினா போடு என்று விரட்டுவதில் என்ன பயன்?

இதனினும் வழுக்கலான இடம் உம்மை. எச்சம், முற்று, ஐயம், எதிர்மறை, சிறப்பு, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள்களை இலக்கணத்தார் அதற்கு எண்ணிச் சொன்னார்கள். பள்ளியில் அதை ஒப்பித்து மறந்துவிட்டோம். ‘அவனும் தேறினான்’ என்ற வாக்கியத்தில் வேறொருவன் தேறியது சொல்லாமலே சொல்லப்பட்டிருக்கிறது. ‘ஐந்து பேர் வந்தார்கள்’ என்பதற்கும் ‘ஐந்து பேரும் வந்தார்கள்’ என்பதற்கும் இடையே, மொத்தமே ஐந்து பேர்தான் என்ற ஒரு முழுத் தரவு ஒளிந்திருக்கிறது. அதையே எதிர்மறையாக்கி, ‘எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெறவில்லை’ என்று எழுதினால், ஒருவருமே தேறவில்லை என்று பொருளா, தேறாதவர் சிலர் உளர் என்று பொருளா? முற்றும்மை எதிர்மறையோடு சேருமிடத்து எச்சப் பொருள்படுவதும் உண்டு என்பதை இலக்கண நூலார் கண்டு குறித்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு பொருளும் தமிழுக்குச் சம்மதமே. ஆனால் நான்கு விடைகளுள் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டிய தேர்வருக்கு அவ்விரண்டில் ஒன்று மட்டும்தான் மதிப்பெண்.

ஏகாரமோ ஓரெழுத்தில் வாக்கியத்தைத் தலைகீழாக்குவது. ‘எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் நேர்காணலுக்கு வருவார்கள்’ என்றால், தேறியவர் அனைவரும் வருவர், தேறாத சிலரும் வந்தாலும் வரலாம். ‘எழுத்துத் தேர்வில் தேறியவர்களே நேர்காணலுக்கு வருவார்கள்’ என்றால், வருகிறவர் அனைவரும் தேறியவர். தேறியும் வராதவர் இருக்கலாம். எழுவாயும் பயனிலையும் இடம் மாறிவிட்டன. மாற்றியது ஒரு பிரிநிலை ஏகாரம். அதே ஏகாரம் தேற்றப் பொருளில் நின்றால் இந்த மாற்றம் நிகழாது. இந்த இரண்டு வாக்கியங்களையும் வட்டங்களாக வரையச் சொல்லி ஒரு சனிக்கிழமை மாலை முழுவதையும் நான் செலவிட்டேன். பன்னிரண்டு பேரில் ஒருவன் மட்டும் இரண்டு வெவ்வேறு படங்கள் போட்டான். அவன் தமிழ் இலக்கியம் படித்தவன் அல்லன், டிப்ளமா முடித்துவிட்டு மின்சார வேலை பார்ப்பவன். சுவிட்ச் எங்கே, விளக்கு எங்கே என்று யோசித்தேன் என்றான்.

இந்தத் தேர்வுகளின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1905ஆம் ஆண்டில் பாரிசில் பினே, சிமோன் என்ற இருவர், பள்ளிப் பாடத்தில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டறிந்து உதவும் பொருட்டு அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். உதவிக்குப் பிறந்த அந்தக் கோல், 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, ஏறத்தாழ பதினேழு லட்சம் போர்வீரர்களைத் தரம் பிரிக்கும் சல்லடையாக உருமாறியது. அந்த வேலையில் பங்கு கொண்ட கார்ல் பிரிகாம் என்பவரின் பொறுப்பில், 1926ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் தேதி, கல்லூரி புகுவோருக்கான முதல் சாட் தேர்வு நடந்தது. ஒப்புமை வினாக்கள் அதில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தன. ஓட்டக்காரனுக்கு மாரத்தான் எவ்வாறோ அவ்வாறே துடுப்புக்காரனுக்கு ரெகட்டா என்னும் படகுப் பந்தயம் என்று விடை வேண்டிய ஒரு வினா, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியக்கூடிய சொல்லைக் கொண்டு புத்தியை அளப்பதற்கு உதாரணமாகப் பெயர் கெட்டுப்போனது. 2005இல் ஒப்புமை வினாக்களையே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் குடிமைப் பணி முதனிலைத் தேர்வில் திறனறித் தாள் 2011இல் புகுந்தது. 2014இல் அதை எதிர்த்துத் தெருவில் போராட்டம் நடந்தது. 2015 முதல் அதில் நூற்றுக்கு 33 பெற்றால் போதும் என்று ஆக்கப்பட்டது. தமிழ்நாட்டுத் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வில் 200 வினாக்களுள் 25 திறனறி வகை. இருபத்தைந்துதானே என்று அலட்சியம் செய்தவர்கள், ஒரே வினாவில் வேலை போனதைச் சொல்லி என் தாழ்வாரத்தில் கண் கலங்கியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை இங்கே சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமை பெறாது. நம் பிள்ளைகள் தமிழில் எழுதுகிற தருக்க வினாக்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் கருக்கொண்டு தமிழில் சட்டை மாட்டிக்கொண்டு வருபவை. உறவுமுறை வினாக்களில் இது பரிகாசமாகவே போய்விடுகிறது. ஆங்கிலத்து ‘அங்கிள்’ தமிழில் மாமாவா, சித்தப்பாவா, பெரியப்பாவா? எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், மூலத்தில் இல்லாத தரவு ஒன்று மொழிபெயர்ப்பில் முளைத்துவிடும். மாமா என்றால் பெரும்பாலும் தாய் வழி, சித்தப்பா என்றால் பெரும்பாலும் தந்தைக்கு இளையவர். ‘கசின்’ என்பதைச் சகோதரன் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று ஒரு மாதிரித்தாள் அச்சிட்டிருந்ததை நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். அத்தை மகனைத்தான் அவர்கள் சகோதரன் ஆக்கிவிட்டார்கள். ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பாடமே முடிவானது என்று வினாத்தாளின் முகப்பில் ஒரு வரி போட்டுவிட்டால், எழுதியவருக்குக் கவலை தீர்ந்தது. ஆங்கிலப் பாடத்தைப் படிக்க இயலாததால் தமிழைத் தேர்ந்தவனுக்கு அந்த வரியால் ஆவது என்ன?

இத்தனைக்கும் சொல்லறிவு வினா எழுதத் தமிழைப் போல வாய்ப்பான மொழி அரிது. தொல்காப்பியத்து மரபியல் படித்த உபாத்தியாயர் ஒருவர் மனம் வைத்தால் ஒரே அமர்வில் ஐம்பது வினா எழுதிவிடலாம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை ஆகிய நான்கில் பொருந்தாதது எது என்று கேளுங்கள். சொல்லால் நான்கும் ஒன்று, பொருளால் ஒன்று வேறு. யானைக்குக் கன்று, மாவுக்கும் வாழைக்கும் கன்று, நாய்க்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு என்று வைத்துக்கொண்டு எத்தனை ஒப்புமைகள் பின்னலாம்! திசை வினாக்களோ எங்கள் பக்கத்துக் கிராமத்தாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பந்தியில் உட்காரும்போதே ‘கொஞ்சம் மேற்கே தள்ளி உட்காரு’ என்று பேசி வளர்ந்த பையன், வடக்கே ஐந்து கிலோமீட்டர் நடந்து வலப்புறம் திரும்பினவன் எங்கே நிற்கிறான் என்பதற்குக் காகிதம் எடுப்பதில்லை. உள்ளங்கையைச் சற்றுத் திருப்புவான், விடை வந்துவிடும். எழுத்துகளை முன்னும் பின்னும் தள்ளி வைக்கும் குறியீட்டு வினாக்களை மட்டும், 26 எழுத்துக்காரரிடமிருந்து 247 எழுத்துக்காரர் அப்படியே இரவல் வாங்கியிருக்க வேண்டாம்.

அப்பியாசம் எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மிகச் சொற்பம். முதல் இரண்டு மாதம் கடிகாரத்தைப் பார்க்காதே. ஒரு வினாவுக்கு விடை குறித்தபின், இந்த விடை எந்த வாக்கியத்தின் எந்தச் சொல்லிலிருந்து வந்தது என்று விரலால் தொட்டுக் காட்டு. விரல் வைக்க இடம் இல்லையானால் அது உன் வீட்டிலிருந்து வந்த விடை. தவறினவற்றுக்குத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, சரியான விடையை எழுதாமல், நீ ஏன் தவறாக நினைத்தாய் என்பதை மட்டும் ஒரு வரி எழுது. மூன்று மாதம் கழித்து அந்த நோட்டைப் புரட்டினால், நூறு தவறுகளும் நான்கைந்து தவறுகளின் வேஷங்களே என்பது தெரியும். மைனஸ் மார்க்கைப் பற்றி ஓயாமல் கேட்கிறார்கள். அதையும் கணக்காகவே பார்க்கலாம். நான்கு விடைகள், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பவனுக்குச் சராசரி லாபமும் நஷ்டமும் பூஜ்யம். ஒரு விடையை நிச்சயமாகத் தள்ள முடிந்தவனுக்கு வினாவுக்கு ஒன்பதில் ஒரு பங்கு லாபம். கழிவே இல்லாத தேர்வில் எதையும் விடாமல் குறிக்க வேண்டியதுதான். இதற்கு மேல் தைரியம், அதிருஷ்டம் என்று பேசுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக, அவரவர் ஒரு வினா எழுதிக்கொண்டு வர வேண்டும் என்பது சென்ற ஆண்டு நான் வைத்த ஏற்பாடு. வினாவை அவிழ்ப்பவன் ஒரு வழியைக் கண்டால் போதும். வினாவைக் கட்டுபவனோ மற்ற மூன்று வழிகளையும் அடைத்தாக வேண்டும் என்பதால், இதில் கிடைக்கிற பயிற்சி வேறு எதிலும் கிடைப்பதில்லை. அந்த ஜவுளிக் கடைப் பெண் எழுதிவந்தது இது: ‘ஒருத்தி ஒருவனைக் காட்டி, இவன் என் உடன்பிறந்த தம்பி, என் மருமகனும் இவனே என்றாள். இக்கூற்று மெய்யாக இருக்க முடியுமா?’ நான் வழக்கம்போல் தலைமுறைக் கோடுகளை மேலும் கீழுமாக வரைந்தேன். தம்பி ஒரு கோட்டில், மகளும் மருமகனும் அடுத்த கோட்டில். இருவரும் ஒருவராக முடியாது, ஆகவே முடியாது என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ‘எங்கப்பா எங்க அம்மாச்சிக்குக் கூடப்பிறந்த தம்பி ஐயா. அக்கா மகளைத்தான் கட்டிக்கிட்டார்’ என்றாள். கணவனும் மனைவியும் ஒரே கோட்டில்தான் நிற்க வேண்டும் என்று அவள் எழுதிய வினாவில் ஒரு சொல்லும் இல்லை. அந்த விதியை என் வீட்டிலிருந்து நானே எடுத்துப் போயிருந்தேன். அவள் அந்த வினாவை எழுதியதும் ஒரு பில் தாளின் பின்புறத்தில்தான். என் விடையைப் பெருக்கல் குறியிட்டு அடித்து, பக்கத்தில் பூஜ்யம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தாள் இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது, பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கூட்டம் முடிந்ததும் காட்டுகிறேன்.